மதிய உணவுக்குப் பிறகு நடக்காதது

பயிற்சி நடந்த அன்று, மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் லிஃப்ட் மெக்கானிக் ஒரு ஹால் நிறைய ஆட்களுக்குத் தப்பான வழியைக் கற்றுக்கொடுத்தார். சாப்பாட்டுக்குப் பின்னால் சரியான வழியைக் கற்றுக்கொடுத்தார். கேமராக்கள் சாப்பாட்டுக்கு முன்னால் மட்டும் இருந்தன.

மொத்தச் சங்கதியும் இவ்வளவுதான். இனி வருவதெல்லாம் இதை ஓர் அலுவலகத்துக்குப் புரியவைக்க அவர் பட்ட பாடு.

அவருடைய பாணியே அப்படி. லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுவிட்டால் ஆட்கள் என்னென்ன கோணங்கித்தனம் செய்வார்கள் என்று முதலில் நடித்துக் காட்டுவார். மேடையில் ஒரு மேஜையைப் போட்டு, அதுதான் நின்றுபோன லிஃப்டின் தரை என்பார். மேலே ஓர் ஆளை ஏற்றுவார். கீழே நின்று கதவைத் திறப்பதுபோலத் திறப்பார். "பயப்படாதீங்க. குதிங்க, நான் பிடிச்சுக்கிறேன்" என்று இரண்டு கைகளையும் நீட்டுவார். மேலே நிற்பவர் குதிப்பார். ஹால் முழுக்கச் சிரிக்கும். "சிரிச்சு வைங்க. குதிச்சவர் எங்க போனார்னு சாப்பிட்டு வந்து சொல்றேன்" என்று முடிப்பார்.

சாப்பிட்டு வந்து சொல்வார். குதித்தவர் போனது மேஜைக்கு அடியில். அதாவது, நடுவில் நிற்கும் லிஃப்டுக்குக் கீழே வாயைப் பிளந்துகொண்டிருக்கும் குழிக்குள். கை நீட்டியவரும் கூடவே போவார், ஏனென்றால் விழுகிறவன் பிடித்த கையை விடமாட்டான். இதைச் சொன்ன பிறகு ஹாலில் யாரும் சிரிப்பதில்லை. அந்த அமைதியில்தான் சரியான வழியைச் சொல்லுவார். முதலில் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். கதவைத் தொடக் கூடாது. உள்ளே இருப்பவர்களோடு பேசிக்கொண்டே இருக்க வேண்டும். மெக்கானிக் வந்து லிஃப்டை மாடிக்கு நேராகக் கொண்டுவரும்வரை ஒருவரும் இறங்கக் கூடாது.

அன்று மூன்று கேமராக்கள் வந்திருந்தன. படம்பிடித்து அனுப்பும் வேலைக்குத் தலைவரான பகிர்வு இயக்குநரின் தொடக்க உரையை மூன்றும் மூன்று பக்கத்திலிருந்து பிடித்தன. ஒன்று அவருடைய கைகளுக்காகவே நின்றது. சாப்பாட்டுக்குப் பிறகு அவர் கிளை அலுவலகம் ஒன்றில் புதுக் கேமரா வாங்கியதைத் தொடங்கிவைக்கப் போனார். கேமரா வாங்கியதைப் படம்பிடிக்கக் கேமரா வேண்டுமே என்று மூன்றும் அவரோடு போய்விட்டன.

கட்டடப் பராமரிப்புக் கழகம் என்று ஒன்று இருக்கிறது. லிஃப்ட் ஓடும் எந்தக் கட்டடத்திலும் காவலாளியாகவோ மேற்பார்வையாளராகவோ சேர அதன் சான்றிதழ் வேண்டும். முன்பெல்லாம் ஆட்களை உட்காரவைத்துப் பாடம் நடத்தினார்கள். பிறகு கழகத்துக்குள் 'பதிவு மற்றும் பகிர்வுப் பிரிவு' என்று ஒன்று முளைத்து, கழகத்தை விடப் பெரிதாகிவிட்டது. இப்போது ஒருவர் ஒரு முறை பேசினால் போதும். படம்பிடித்து எல்லார் கைபேசிக்கும் அனுப்பிவிடுவார்கள். பார்த்து முடித்துக் கேள்விகளுக்குப் பதில் அமுக்கினால் சான்றிதழ் தானாக வந்து விழும். பிரிவின் வாசலில் விளக்கு போட்டு எழுதியிருக்கும்: 'பதிவாகாதது நடக்கவில்லை.'

அப்படி விழுந்த ஒரு சான்றிதழ் மெக்கானிக்கின் வீட்டுக்கே வந்து சேர்ந்தது. கொண்டுவந்தவர் அவருடைய மச்சான், மனைவிக்கு மூத்தவர். எல்லாரும் கண்டக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் வேலை பார்த்த பஸ் கம்பெனி மூடிப்போனபோது பையையும் டிக்கெட் மெஷினையும் திருப்பிக் கொடுத்தவர், விசிலை மட்டும் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டார். அதன் பிறகு நெடுநாள் தங்கை வீட்டு சோபாவில் உட்கார்ந்து, படித்த செய்தித்தாளையே மறுபடி மடித்துப் படித்துக்கொண்டிருந்தார். இப்போதுதான் ஓர் உயரமான கட்டடத்தில் மேற்பார்வையாளர் வேலை கிடைத்திருந்தது. சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டு எடுத்துவந்திருந்தார்.

"மாப்ளே, சுத்தியல் எடுங்க. என் வாழ்க்கையில வாங்கின மொத சர்ட்டிபிகேட். அதுவும் உங்க வாயால கத்துக்கிட்டது. உங்க வீட்டுலதான் மாட்டணும்."

மெக்கானிக்குக்குப் பெருமையாக இருந்தது. "என்ன மச்சான் கத்துக்கிட்டீங்க?"

"லிஃப்ட் நடுவுல நின்னா சாவியப் போட்டுக் கதவத் தொறக்கணும். பயப்படாதீங்க, குதிங்க, நான் பிடிச்சுக்கிறேன்னு சொல்லணும். கைய இப்படி நீட்டணும்." அவர் நீட்டிக் காட்டினார். மெக்கானிக் மேடையில் நீட்டியதைப் போலவே இருந்தது. நடுவில் வந்த சின்ன இருமலைக்கூட விடவில்லை.

"மச்சான், அது தப்பு."

"நீங்கதானே சொன்னீங்க?"

"தப்புன்னு காட்டுறதுக்காகச் சொன்னேன்."

"தப்புன்னு சொல்லலியே."

"சாப்பிட்டு வந்து சொன்னேன்."

"வீடியோவுல நீங்க சாப்பிடவே இல்லியே மாப்ளே."

கைபேசியை வாங்கிப் பார்த்தார். முதலில் இயக்குநர், அவருடைய கைகள், பிறகு மேஜை. ஆள் குதிக்கிறார், ஹால் சிரிக்கிறது. 'சாப்பிட்டு வந்து சொல்றேன்' என்ற வரியைச் சாப்பாட்டு அறிவிப்பு என்று நினைத்து யாரோ வெட்டியிருந்தார்கள். அந்த இடத்தில் கைதட்டல் ஒட்டியிருந்தது. 'நன்றி' என்று எழுத்து வந்தது.

சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். "எத்தனை தடவை சொல்லியிருக்கேன், நல்லதை மொதல்ல சொல்லுங்கன்னு. எங்கப்பாகிட்ட என்னைக் கேட்டு வந்தப்பவும் இப்படித்தான். உங்க கடன், உங்க கோவம், உங்க குறட்டை எல்லாத்தையும் மொதல்ல சொன்னீங்க. நல்லதுக்கு வர்றதுக்குள்ள அவர் செருப்பைப் போட்டுட்டார்."

"அப்புறம் சரின்னாரே."

"நான் ஓடிப்போய்க் கையப் பிடிச்சு இழுத்துட்டு வந்தேன். இப்ப யாரு ஓடுறது?"

சான்றிதழ் மாட்டப்பட்டது. ஆணியை மெக்கானிக்கே அடித்தார்.

மறுநாள் கழகத்துக்குப் போனார். விசாரணை மேஜையில் இருந்த அம்மாள் பொறுமையானவர். கணினியில் தேடினார்.

"மத்தியானம் வகுப்பு எதுவும் நடக்கலியே சார்."

"நடத்தினவனே நான்தாங்க."

"எங்க பதிவுல இல்லை."

"ஹால் நிறைய ஆட்கள் இருந்தாங்க. அவங்களைக் கேளுங்க."

அவர் மறுபடி தேடினார். "அவங்க எல்லாரும் சாப்பாட்டோட கிளம்பிட்டதா இருக்கு. வகுப்பே இல்லாதப்ப எப்படி சார் உட்கார்ந்திருப்பாங்க?"

மெக்கானிக் வாசலில் ஒளிர்ந்த வாசகத்தைத் திரும்பிப் பார்த்தார். உள்ளே வரும்போது அது ஏதோ கேமரா விளம்பரம் என்று நினைத்திருந்தார்.

ஒரு பயிற்சியில் பிழை இருப்பதாகச் சொல்ல, அந்தப் பயிற்சியில் தேறியவர்களுக்கு மட்டும்தான் உரிமை உண்டு என்று அம்மாள் விளக்கினார். தேறாதவர்கள் சொன்னால் அது பொறாமையாகக் கருதப்படும். மெக்கானிக் அந்தப் பயிற்சியைப் பார்த்ததாகப் பதிவு இல்லை. அதனால் ஒரு மூலையில் உட்காரவைத்து, காதில் மாட்டிக்கொள்ள ஒன்றைக் கொடுத்தார்கள். அவர் அவரையே பார்த்தார். கேள்விகள் வந்தன. 'லிஃப்ட் இரு மாடிகளுக்கிடையே நின்றால் முதலில் செய்ய வேண்டியது?' மெயின் சுவிட்ச் என்பதை அமுக்கினார். திரையில் சிவப்பாக வந்தது: 'தாங்கள் தேறவில்லை. கருத்தாளர் கூறியதைக் கவனமாகக் கேட்டு மீண்டும் முயலவும்.'

"நான்தாங்க கருத்தாளர்."

"அப்ப இன்னும் சுலபமாச்சே சார்" என்றார் அம்மாள், உண்மையான அக்கறையோடு.

இரண்டாம் முறையும் தோற்றார். பக்கத்தில் தேர்வெழுதிக்கொண்டிருந்த ஒரு காவலாளி இரக்கப்பட்டு அவர் பக்கம் சாய்ந்தார். "ரொம்ப யோசிக்காதீங்கண்ணே. அந்த ஆளு என்ன சொல்றானோ அதை அப்படியே அமுக்குங்க. கொஞ்சம் லூசு மாதிரிதான் இருக்கான், ஆனா மார்க்கு அவன் சொல்றதுக்குத்தான்."

மூன்றாம் முறை மெக்கானிக் 'கதவைத் திற' என்பதை அமுக்கினார். 'குதிக்கச் சொல்' என்பதை அமுக்கினார். 'கையை நீட்டு' என்பதையும் அமுக்கினார். திரையில் பச்சை வெளிச்சம் பூத்தது. முழு மதிப்பெண்.

அந்தச் சான்றிதழைக் காட்டித்தான் பகிர்வு இயக்குநரின் அறைக்குள் போக முடிந்தது. இயக்குநர் எழுந்து நின்று வரவேற்றார். அவருடைய மேஜைக்குப் பின்னால் ஒரு பெரிய திரை. அதில் ஒரு கோடு மேலே மேலே ஏறிக்கொண்டிருந்தது.

"கருத்தாளர் அவர்களே, வாங்க வாங்க. அந்தக் கோடு யாருன்னு தெரியுதா? நீங்கதான். எங்க தீயணைப்பு வீடியோவை ஜனங்க ரெண்டாவது நிமிஷத்துலயே மூடிடுறாங்க. அது என்னோட உரை நடுவுலன்னு சொல்றாங்க, இருக்கலாம். உங்க வீடியோவைக் கடைசி வரைக்கும் பார்க்கிறாங்க. வீட்டுல குழந்தைங்களுக்குப் போட்டுக் காட்டுறாங்க. சிரிக்கிறாங்க."

"ஐயா, அதுல இருக்கிறது தப்பான வழி. செஞ்சா ஆள் செத்துடுவாங்க."

இயக்குநர் முகம் வாடவில்லை. ஒரு நோட்டீஸைப் படிப்பதுபோல நிதானமாகப் பேசினார். "பாருங்க, பயிற்சி சரியா தப்பான்னு பார்க்கிறது எங்க பிரிவோட வேலை இல்லை. போய்ச் சேர்ந்துச்சான்னு பார்க்கிறதுதான் வேலை. போய்ச் சேர்ந்திருக்கு. அது சரியா தப்பான்னு பார்க்க ஒரு பிரிவு இருந்துச்சு. ரெண்டு பேர் உட்கார்ந்திருந்தாங்க. அந்த அறையைத்தான் இப்ப எடிட்டிங்குக்கு எடுத்துக்கிட்டோம்."

"அப்ப வீடியோவை எடுத்துடுங்க ஐயா."

"எடுக்கலாம். எடுத்தா அதைப் பார்த்து வாங்கின அத்தனை சான்றிதழும் செல்லாது. அத்தனை பேருக்கும் வேலை போகும். அவங்களுக்குக் குடும்பம் இருக்கு. எனக்கு மனிதாபிமானம் இருக்கு. உங்களுக்கு இல்லையா?"

மெக்கானிக்கின் கண்ணில் கண்ணாடிச் சட்டம் வந்து நின்றது. சோபாவும் வந்து நின்றது.

"மத்தியான வகுப்பை மறுபடி எடுக்கிறேன் ஐயா. ரெண்டாம் பகுதின்னு அனுப்புங்க. யாரோட சான்றிதழும் போக வேண்டாம். நாளைக்கே வர்றேன். இன்னிக்கே வேணும்னாலும்."

"ரெண்டாம் பகுதின்னு ஒண்ணு வந்தா, ஒண்ணாம் பகுதி முழுசா இல்லைன்னு ஆகிடும். முழுசா இல்லாததுக்கு எப்படி விருது கொடுக்கிறது? மாநாட்டுல இந்த வருஷத்தோட சிறந்த பயிற்சி உங்களுதுதான். மொதல்ல வாங்கிக்குங்க. அப்புறம் பார்ப்போம்." கைபேசியைத் திருப்பிக் காட்டினார். "இதையும் பாருங்க. புதுசு. லிஃப்ட் நின்னா இந்தச் சிவப்புப் பட்டனை அமுக்கினாப் போதும், உங்க வீடியோ தானா ஓடும். எந்தக் கட்டடத்துல ஆபத்து வந்தாலும் அங்க நீங்க வந்து நிப்பீங்க. ஒரு மனுஷனுக்கு இதைவிட வேற என்ன வேணும்?"

மெக்கானிக் எழுந்தார். இயக்குநர் கடைசியாக, கண்டிப்பும் கனிவுமாக ஒன்று சொன்னார். "அப்புறம் இன்னொண்ணு. காலையில நீங்களே இந்தப் பயிற்சியில முழு மதிப்பெண் வாங்கியிருக்கீங்க. வாங்கிட்டு, தப்புன்னு சொல்றது நல்லா இல்லை."

வீட்டில் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டே பாத்திரம் கழுவினாள். ஒரே தட்டை நெடுநேரம் கழுவினாள்.

"அண்ணன் இப்பல்லாம் காலையில தானே சட்டைக்கு இஸ்திரி போடுறார். கவனிச்சீங்களா?"

"ம்."

"வேலை போனாலும் போகட்டும், ஆள் போகக் கூடாது. எனக்குத் தெரியாம இல்ல. ஆனா அதை அவர்கிட்ட என்னால சொல்ல முடியாது. நீங்க சொல்லுங்க."

மெக்கானிக் சொல்லவில்லை. கதவைத் தொடாதீங்க மச்சான் என்று மட்டும் அடிக்கடி சொன்னார். "சரி மாப்ளே, சரி மாப்ளே" என்பார் கண்டக்டர், வீட்டில் பேசுவது வேறு, அலுவலகத்தில் பேசுவது வேறு என்று தெரிந்த மனிதரைப் போல. ஒரு நாள் தோளில் தட்டிவிட்டும் சொன்னார்: "நீங்க இங்க சொல்றதை நான் கேட்டுக்கிறேன். ஆனா பரீட்சையில அங்க சொன்னதைத்தானே கேக்குறான்."

மாநாடு கண்டக்டர் வேலை பார்த்த அதே கட்டடத்தில்தான் நடந்தது. மேல் மாடியில் பெரிய அரங்கம். விருது வாங்க வந்த மெக்கானிக்கை இயக்குநர் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் லிஃப்டில் ஏறினார்கள். அது பாதி வழியில் ஒரு குலுக்குக் குலுக்கி, பெருமூச்சு விட்டு, நின்றது.

இயக்குநர் எல்லாப் பட்டன்களையும் அமுக்கினார். பிறகு நெற்றியைத் துடைத்தபடி கைபேசியை எடுத்துச் சிவப்புப் பட்டனை அமுக்கினார். முதலில் அவருடைய தொடக்க உரை ஓடியது. அதை அவரே பதற்றத்தோடு தள்ளித் தள்ளி ஓட்டினார். பிறகு மெக்கானிக்கின் குரல் கணீரென்று வந்தது: "பயப்படாதீங்க. குதிங்க, நான் பிடிச்சுக்கிறேன்."

"கேட்டீங்களா? குதிக்கணுமாம்" என்றார் இயக்குநர்.

"குதிக்கக் கூடாது ஐயா."

"நீங்கதானே சொல்றீங்க?"

"நான் இங்க நிக்கிறேன் ஐயா. என்னைப் பாருங்க."

இயக்குநர் அவரைப் பார்த்தார், கைபேசியைப் பார்த்தார். இரண்டில் எதை நம்புவது என்று அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை.

அப்போது கீழ்மாடியின் கதவு திறந்தது. லிஃப்டின் தரைக்குக் கீழே, ஆள் மார்பு உயரத்துக்கு இறக்கத்தில், வராந்தாவின் பளபளப்பான தரை தெரிந்தது. அதன் விளிம்பில் செருப்பு நுனி வெளியே நீட்டிக்கொண்டிருக்க, இஸ்திரி போட்ட சட்டையில் கண்டக்டர் நின்றார். அவருடைய கால்களுக்கும் லிஃப்டுக்கும் நடுவே இருட்டு. அதன் ஆழத்திலிருந்து குளிர்ந்த காற்று வந்தது.

"மாப்ளே, நீங்களா? நல்லதாப் போச்சு. பயப்படாதீங்க. குதிங்க, நான் பிடிச்சுக்கிறேன்." இருமினார். கைகளை நீட்டினார்.

இயக்குநர் தரையில் உட்கார்ந்து கால்களை வெளியே தொங்கவிட்டார். மெக்கானிக் அவருடைய கோட்டைப் பின்னாலிருந்து இறுக்கிப் பிடித்தார். "மச்சான், பின்னால போங்க. கதவை மூடுங்க."

"மூடக் கூடாது மாப்ளே. தொறக்கணும். அதுல அப்படித்தான் இருக்கு."

"என்னை விடுங்க, நான் போகணும்" என்றார் இயக்குநர். "எனக்கு அரங்கத்துல உரை இருக்கு."

மெக்கானிக் குழியைப் பற்றிச் சொன்னார். விழுகிறவன் பிடித்த கையை விடமாட்டான் என்று சொன்னார். கண்டக்டர் தலையை ஆட்டினார், கையை மடக்கவில்லை. அவருக்கு எதிரே இருந்தது தங்கை புருஷன். கைபேசியில் இருந்தவர் கழகத்தின் கருத்தாளர். இயக்குநரின் கோட்டுத் துணி விரல்களிலிருந்து நழுவிக்கொண்டிருந்தது.

மெக்கானிக் பாடத்தை விட்டார்.

"மச்சான், வண்டி இன்னும் ஸ்டாப்புக்கு வரலை. பாதி வழியில ஆளை எறக்கிவிடுவீங்களா?"

கண்டக்டரின் முகம் மாறியது. எத்தனையோ வருஷம் படிக்கட்டில் தொங்கியவர்களை உள்ளே தள்ளிய முகம் அது. நீட்டிய கை சட்டைப் பைக்குள் போனது. விசிலை எடுத்து ஓங்கி ஊதினார்.

"யோவ், காலை உள்ள எடு. ஸ்டாப் வரலை. இந்த எறங்குற வேலையெல்லாம் என்கிட்ட வேணாம்."

இயக்குநரை வாழ்க்கையில் யாரும் அப்படிப் பேசியதில்லை. காலை உள்ளே எடுத்துக்கொண்டார். கதவு மூடியது. மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று கண்டக்டர் ஓடித் தேடினார். வெளியிலிருந்து இன்னொரு மெக்கானிக் வந்து மேலே மோட்டார் அறையில் சக்கரத்தைக் கையால் சுற்றி லிஃப்டை மாடிக்கு நேராகக் கொண்டுவரும்வரை, இயக்குநர் மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இடையில் ஒரு தரம், "அந்தக் குழி எவ்வளவு ஆழம்?" என்று கேட்டார். மெக்கானிக் சொன்னார். அவர் கால்களை இன்னும் உள்ளே இழுத்துக்கொண்டார். மெக்கானிக்குக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. இனி யாருக்கும் எதையும் புரியவைக்க வேண்டியதில்லை என்று நினைத்தார்.

அரை மணி கழித்து இயக்குநர் மேடையில் நின்றார். மூன்று கேமராக்களும் தயாராக இருந்தன.

"நண்பர்களே, சற்று முன் நானே நின்றுபோன லிஃப்டுக்குள் இருந்தேன். நமது பயிற்சியின் வலிமையை என் உயிரால் உணர்ந்தேன். பட்டனை அமுக்கினேன், குரல் வந்தது. உடனே வந்தது. தடையில்லாமல் வந்தது. இதோ, உங்கள் முன் நிற்கிறேன். இதைவிடச் சான்று வேண்டுமா?"

கைதட்டினார்கள். விருது மெக்கானிக்கின் கையில் திணிக்கப்பட்டது. கண்ணாடியில் செய்த சின்ன மேஜை அது. அவர் மைக்கைப் பிடித்து, "இது பாதிதாங்க. மீதியை" என்று ஆரம்பித்தார். நேரமாகிவிட்டதென்று இசையைப் போட்டார்கள்.

படி இறங்கும்போது அவர் இயக்குநரிடம் கேட்டார். "ஐயா, நீங்களே பார்த்தீங்க. குழியைப் பார்த்தீங்க."

இயக்குநர் அவர் கண்ணைப் பார்க்கவில்லை. "பார்த்தேன். அது என்னோட தனிப்பட்ட அனுபவம். உள்ளே கேமரா இல்லை."

வெளியே, வராந்தாவில், கேமரா இருந்தது.

அதுதான் கண்டக்டருக்கு வினையாயிற்று. திறந்த கதவை அவர் மூடியதும், ஆபத்தில் இருந்த உயரதிகாரியைப் பார்த்து விசில் ஊதியதும் அதில் தெளிவாக இருந்தன. கழகத்திலிருந்து கைபேசிக்குச் செய்தி வந்தது. 'மீட்பு வெற்றி பெற்றது பயிற்சியினால். கதவை மூடிய பிழை ஊழியருடையது. தங்கள் சான்றிதழ் நிறுத்திவைக்கப்படுகிறது. மீண்டும் பயிற்சியைப் பார்த்துத் தேறவும்.'

ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் சேர்ந்து சாப்பிட்டார்கள். தட்டுகளை எடுத்த பிறகு கண்டக்டர் மேஜையிலேயே உட்கார்ந்து வீடியோவைப் பார்த்தார். இந்த முறை சிரிக்கவில்லை. ஆள் குதிக்கும் இடம் வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கேள்வி வந்தது.

"மாப்ளே, இப்ப எதை அமுக்க?"

மனைவி ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி வந்து அண்ணன் பின்னால் நின்றாள்.

"எனக்குத் தெரியும்" என்றார் கண்டக்டர். "தப்பை அமுக்கினாத்தான் வேலை. அமுக்கிடுறேன். ஆனா அங்க போய்க் கதவைத் தொட மாட்டேன். போதுமா?" அமுக்கினார். பச்சை வெளிச்சம் பூத்தது. 'வாழ்த்துகள்' என்று மின்னியது. யாரும் வாழ்த்தவில்லை.

"எனக்குச் சரி. நான் உங்க சொந்தம், அதனால தெரிஞ்சுக்கிட்டேன்" என்றார் மறுபடி. "சொந்தம் இல்லாதவன் என்ன பண்ணுவான் மாப்ளே?"

அப்போது மெக்கானிக்கின் கைபேசி அடித்தது. புது எண். ஒரு பெண் குரல், மூச்சு வாங்கப் பேசியது.

"சார், லிஃப்ட் மெக்கானிக்கா? லிஃப்ட் கதவுக்குப் பக்கத்துல உங்க நம்பர் ஒட்டியிருந்துச்சு, தகவல் சொல்லணும்னு. நான் இங்க மேற்பார்வை பார்க்கிறேன். லிஃப்ட் நடுவுல நின்னுடுச்சு. உள்ள மூணு பேர். நீங்க கவலைப்படாதீங்க சார், நான் ட்ரெயினிங் எடுத்தவதான்."

"கதவைத் தொடாதீங்கம்மா."

"தொறந்துட்டேன் சார்."

மெக்கானிக் பேச வாயெடுத்தார். அதற்குள் அந்தப் பக்கம், அவளுடைய இன்னொரு கையில் இருந்த கைபேசியில், இன்னொரு குரல் எழுந்தது. நல்ல தெம்பான குரல். சின்னதாக இருமிவிட்டுச் சொன்னது: "பயப்படாதீங்க. குதிங்க, நான் பிடிச்சுக்கிறேன்."

"வேண்டாம்மா, குதிக்க விடாதீங்க" என்றார் மெக்கானிக்.

"என்ன சார்? சரியாக் கேக்கலை. வீடியோ ஓடுது." பிறகு அவள் வேறு யாரிடமோ, "வாங்கம்மா, பயப்படாதீங்க" என்றாள்.

அவர் உரக்கச் சொன்னார். இன்னும் உரக்கச் சொன்னார். அவருடைய குரலை அவருடைய குரலே அமுக்கிவிட்டது.

கண்டக்டர் எழுந்து வந்து கைபேசியை அவர் கையிலிருந்து பிடுங்கினார். விசிலை வாயில் வைத்து, கன்னம் உப்ப, அதற்குள் ஊதினார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மூச்சு தீரும்வரை ஊதினார்.

அந்தப் பக்கம் எல்லாம் நின்றது. திடுக்கிட்டவள் வீடியோவையும் நிறுத்திவிட்டாள்.

கைபேசியைத் திருப்பிக் கொடுத்தார். மெக்கானிக் அதைக் காதில் வைத்தபோது தன் மூச்சுச் சத்தம் மட்டும்தான் முதலில் கேட்டது.

"யாராவது குதிச்சுட்டாங்களாம்மா?"

"இல்ல சார்" என்றாள். "ஒரு அம்மா ஒரு காலை வெளிய வச்சிருக்காங்க."

"உள்ள எடுக்கச் சொல்லுங்க. நீங்க பின்னால வாங்க. இன்னும் பின்னால. எடுத்துட்டாங்களா?"

"எடுத்துட்டாங்க."

"இப்ப கதவை மூடுங்க."

ஏதோ உருளும் சத்தம், பிறகு கனமாகச் சாத்தும் சத்தம். மனைவி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"மூடிட்டேன் சார். ஆனா வீடியோவுல அவர் தொறக்கணும்னுதானே..."

"அது நான்தாம்மா. அது சாப்பாட்டுக்கு முன்னாடி" என்றார் மெக்கானிக். "இப்ப சாப்பிட்டு வந்திருக்கேன். சொல்றேன், கேளுங்க. மொதல்ல மெயின் சுவிட்ச்."